கணினிப் பட்டங்களுள் எதைத் தேர்ந்துகொள்வது?



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியத்தையோ சமயத்தையோ பொருளாகக் கொள்வதே நம்மவரிடையே நெடுநாளாக இருந்துவரும் சம்பிரதாயம். அதிலிருந்து சற்று விலகி, பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் கணினித் துறையில் எந்தப் பட்டத்தைத் தேர்ந்துகொள்வது என்னும் லௌகிகமான விஷயத்தைப் பற்றிப் பேசுமாறு இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் என்னைப் பணித்தபோது நான் மனமுவந்து இசைந்தேன். புனேயைச் சார்ந்த கட்கியிலும் தாபோடியிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் தொழிற்சாலை வேலைக்கென்று வந்து நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்களுள், அடுத்த தலைமுறையின் வாழ்வை இந்த ஒரு தீர்மானத்தோடு பிணைத்துக் கவலையுறாத குடும்பம் இன்று அரிது. இந்நகரில் பல்லாண்டு கணினி பயிற்றுவித்தவன் என்ற முறையில், அந்தக் கவலையில் எனக்கும் பங்கு உண்டு.

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் வேறு பேச்சுக்கு இடமில்லை. எம்.எச்.டி.-சி.இ.டி. தேர்வில் வந்த பர்சன்டைல் என்ன, சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் நின்றது, கேப் ரவுண்டு எனப்படும் சேர்க்கைச் சுற்றில் எதை முதலில் எழுதுவது, எதை இரண்டாவதாக எழுதுவது என்று நள்ளிரவு வரையில் ஆலோசனை நடக்கிறது. இத்தனையும் நடந்து முடிந்த பிறகு, பிள்ளை மூன்று ஆண்டுகளிலோ நான்கு ஆண்டுகளிலோ உண்மையில் எதைப் படிக்கப் போகிறது என்ற கேள்வி மட்டும் ஒருவராலும் கேட்கப்படாமல் எஞ்சிவிடுகிறது. பி.இ. கம்ப்யூட்டர் கிடைத்தால் ஆனந்தம், ஐ.டி. கிடைத்தால் ஆறுதல்; பி.சி.எஸ். என்றாலோ பி.சி.ஏ. என்றாலோ உறவினரிடம் சொல்வதற்கே ஒரு தயக்கம். இந்த ஏற்றத்தாழ்வு எவ்வாறு உண்டாயிற்று, அதில் நியாயம் எவ்வளவு, வெறும் பழக்கம் எவ்வளவு என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம். என் அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். பட்டத்தின் பெயரை நம்பித் தேர்ந்துகொள்வது வீண். அப்பட்டத்தில் கணிதத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது, அதைக் கற்பிப்பவர் எத்தகையவர், அது பிற்காலத்தில் எந்த வாசலைத் திறந்து எந்த வாசலை அடைக்கிறது என்று பார்த்தே முடிவு செய்யவேண்டும். அப்படிப் பார்க்கும்பொழுது, நாம் தாழ்வென்று கருதும் சில படிப்புகள் உயர்ந்தனவாகவும், உயர்வென்று கருதும் சில படிப்புகள் உள்ளீடற்றனவாகவும் தென்படும்.

கணினிக் கல்வி மிகவும் இளையது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1953-ஆம் ஆண்டில்தான் ஒரு டிப்ளமா வகுப்பைத் தொடங்கியது. அமெரிக்காவில் பர்டூ சர்வகலாசாலை 1962-ல் கணினி அறிவியலுக்கென்று தனித் துறை ஒன்றை ஏற்படுத்தியது. நம் நாட்டில், கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். 1620 என்னும் இயந்திரம் வந்து சேர்ந்தது. ஈரோட்டில் பிறந்தவரான பேராசிரியர் ராஜாராமன் அவர்களும் அவருடைய சகாக்களும் அந்த இயந்திரத்தைச் சுற்றி முதலில் குறுகியகாலப் பயிற்சிகளையும், 1965-ல் முதுநிலை மாணவர்களுக்கான கணினி அறிவியல் படிப்பையும் உருவாக்கினார்கள். இந்தியாவில் இத்துறையின் முதல் முறையான பாடத்திட்டம் அதுவே. அதே நிறுவனத்தில் இளநிலைப் பட்டம் 1978-ல்தான் தொடங்கிற்று என்பதைக் கவனியுங்கள். பதின்மூன்று ஆண்டுகள், கணினி என்பது வேறொரு சாஸ்திரத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் அதற்குப் பின் கற்கவேண்டிய ஒன்றாகவே அங்கே கருதப்பட்டது. மின்பொறியியலையும் கணிதத்தையும் பௌதிகத்தையும் கற்றவர்கள் அந்த அடிப்படையோடு வந்து இதைக் கற்றார்கள்.

அப்பேராசிரியர் செய்த இன்னொரு காரியம் நம் விஷயத்துக்கு மேலும் நெருக்கமானது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நாட்டுக்கு வேண்டிய கணினி வல்லுநர்களை எவ்வாறு உருவாக்குவது என்று ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். பொறியியல் கல்லூரிகளிலிருந்து வெளிவருவோரைக் கொண்டு மட்டும் அத்தேவை நிறைவுறாது என்பதும், வங்கியிலும் அலுவலகத்திலும் ஆலையிலும் கணினியைப் புகுத்துகிறவனுக்கு அந்த இடத்தின் நடைமுறையும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதும், விஞ்ஞானத்திலோ வணிகவியலிலோ பட்டம் பெற்றுக் கணிதப் பயிற்சியும் உடையவர்களை மூன்று ஆண்டு நன்கு பழக்கினால் அவர்கள் மிகச் சிறந்த வல்லுநர்களாவார்கள் என்பதும் அக்குழுவின் கருத்தாயிருந்தன. அதன் பயனாகப் பிறந்ததே எம்.சி.ஏ. பட்டம். அதை இரண்டாந்தரப் பொறியியல் பட்டமென்று இகழ்ந்து பேசுகிறவர்கள், நாட்டின் முதல் கணினி அறிவியல் வகுப்பைத் தொடங்கியவரே அதையும் வகுத்தார் என்பதை நினைவிற் கொள்வது நலம். பிறிதொரு துறையின் அறிவைக் கணினியோடு இணைக்கவேண்டும் என்ற தெளிவான நோக்கத்துடன் செய்யப்பட்ட படிப்பு அது. அந்நோக்கத்தை மறந்து, ஏற்கெனவே கணினியில் இளநிலைப் பட்டம் பெற்றவனே மறுபடியும் அதே பாடங்களை வேறு பெயரில் படிப்பதற்குரிய இடமாக அது பல கல்லூரிகளில் மாறிவிட்டது வருத்தத்துக்குரியது. 2020-21 கல்வியாண்டு முதல் அது இரண்டு ஆண்டுப் படிப்பாகச் சுருங்கியும் விட்டது.

இனி நம் புனேயைப் பார்ப்போம். இங்கே பொறியியல் கல்வியின் மரபு 1854-ல் தோன்றிய ஒரு கல்லூரியோடு தொடங்குகிறது. விசுவேசுவரய்யா பயின்ற அந்தக் கல்லூரியே இன்று சி.ஓ.ஈ.பி. தொழில்நுட்பச் சர்வகலாசாலையாக விளங்குகிறது. புனே சர்வகலாசாலை 1949-ல் தோன்றியது. 1983-ல் முதலமைச்சர் வசந்த்தாதா பாட்டீல் அவர்களின் அரசாங்கம், அரசின் பொருளுதவி பெறாத தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தபோது, பி.ஐ.சி.டி., எம்.ஐ.டி., வி.ஐ.டி. முதலிய கல்லூரிகள் அந்த ஓராண்டிலேயே இந்நகரில் எழுந்தன. தமிழ்நாட்டில் இதே மாற்றம் அடுத்த ஆண்டு நிகழ்ந்தது. பொறியியற் கல்லூரிகள் கணினியைத் தம் வாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொண்டன. பெர்குசன், மாடர்ன், கார்வாரே போன்ற விஞ்ஞானக் கல்லூரிகள் தம் வாசல் வழியாக அதை அழைத்து, இந்நகரத்தார் இன்றும் பி.சி.எஸ். என்று சொல்லும் பி.எஸ்ஸி. கணினி அறிவியலை நடத்தின. வணிகவியல் பிரிவும் வாளா இருக்கவில்லை. அது தனக்கென்று ஒரு பி.சி.ஏ.வை வகுத்துக்கொண்டு, பின்னர் அதற்கு பி.பி.ஏ. (சி.ஏ.) என்று பெயர் மாற்றிற்று, விஞ்ஞானப் பிரிவில் வேறொரு பி.சி.ஏ. உண்டு. ஒரே நகரில், ஒரே சர்வகலாசாலையின் கீழ், இத்தனை பெயர்கள் வழங்குவதற்குக் காரணம் அறிவின் இயல்பிலே உள்ள பிரிவினை அன்று. மூன்று பிரிவினரும் தனித்தனியே ஒரே பொருளைத் தமதாக்கிக்கொள்ள முயன்றதன் விளைவு அது. சரித்திரத்தின் தற்செயலை நாம் தகுதியின் வரிசையாக எண்ணி மயங்கிவிட்டோம்.

ஆயினும், தற்செயலாகப் பிறந்த வித்தியாசங்களும் நாளடைவில் உண்மையான வித்தியாசங்களாகிவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு படிப்பின் உள்ளேயும் நுழைந்து பார்ப்பது அவசியம்.

பொறியியல் பட்டத்தின் முதலாண்டு ஏறக்குறைய எல்லாப் பிரிவினருக்கும் பொதுவானது. பௌதிகம், ரசாயனம், இயந்திரவியல், வரைபடம், மின்சாரம், கணிதம் என்று அந்த ஆண்டு கழிகிறது. கணினி நிரல் எழுதக் கற்கவேண்டும் என்ற ஆவலோடு வந்த பிள்ளை, பெரிய வரைபடப் பலகையின் முன்னே கூம்பையும் உருளையையும் வெட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சோர்விலேயே சில பாடங்களில் தவறி ஏ.டி.கே.டி. வாங்கி, ஓராண்டு பின்தங்கி இயர் டவுன் ஆகி, மனமுடைந்த பிள்ளைகளை நான் அறிவேன். இரண்டாம் ஆண்டு முதல் தரவுக் கட்டமைப்பு, தனிநிலைக் கணிதம், எண்முறை மின்னணுவியல், அதன்பின் கணிமைக் கோட்பாடு, இயக்கமுறைமை, தரவுத்தளம், வலையமைப்பு, படிமுறை ஆய்வு என்று வரிசையாக வருகின்றன. நன்றாகக் கற்பிக்கப்பட்டால் இது மிகவும் கனமான படிப்பு. இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அடியிலிருந்து உச்சி வரையில் அறிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வழி இல்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்கும் ஐ.டி. பிரிவுக்கும் இடையே பாடங்களில் உள்ள வித்தியாசம் மிகச் சிறிது. அந்தச் சிறிய வித்தியாசத்துக்காக ஒரு நல்ல கல்லூரியை விட்டு அதைவிடத் தாழ்ந்த கல்லூரிக்குச் செல்வது விவேகமாகாது.

பி.எஸ்ஸி. கணினி அறிவியலின் அமைப்பு வேறு. நெடுங்காலமாக அதன் தொடக்க வகுப்புகளில் கணினியோடு கணிதமும் புள்ளியியலும் மின்னணுவியலும் தனித்தனிப் பாடங்களாக உடன் வந்துகொண்டிருக்கின்றன. வரைபடப் பலகையும் இல்லை, ரசாயனமும் இல்லை. முதல் நாள் முதலே நிரல் எழுதலாம். அதனோடு கூடவே நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் கற்கலாம். இன்று செயற்கை நுண்ணறிவு என்று உலகமே பேசும் வித்தைக்கு அஸ்திவாரம் எது என்று கேட்டால், நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் நுண்கணிதமும் என்றே எந்த வல்லுநரும் விடையளிப்பார். அந்த அஸ்திவாரத்தை முதலாண்டிலேயே இடுகிற படிப்பை மலிவான படிப்பு என்று நாம் ஒதுக்குகிறோம். இதற்குப் பின்னர் சர்வகலாசாலையின் கணினி அறிவியல் துறையிலோ வேறு நல்ல இடத்திலோ இரண்டாண்டு முதுநிலை வகுப்பும் கற்றுவிட்டால், ஐந்து ஆண்டுகளும் ஒரே துறையில் ஆழ்ந்து பயின்றவராகிறார் அந்த மாணவர். நான்காண்டுப் பொறியியல் பட்டதாரிக்கு அவர் எவ்விதத்திலும் இளைத்தவரல்லர். கோட்பாட்டறிவில் மேம்பட்டவராகவும் இருக்கக்கூடும். கணிதத்தை விரும்பும் பிள்ளைக்கு, இரண்டாந்தரமான பொறியியல் கல்லூரியைவிட முதல்தரமான விஞ்ஞானக் கல்லூரியே உகந்தது என்பது என் திடமான முடிவு.

வணிகப் பிரிவின் பட்டம் கணிதச் சுமையைக் குறைத்து, கணக்கியலையும் நிர்வாகத்தையும் உடன்வைத்துக் கற்பிப்பது. வணிகவியலையோ கலைப்பாடத்தையோ பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்தவர்களுக்கும் அது இடந்தருகிறது என்பது பெரிய உபகாரம். அதை எடுக்கும் பிள்ளைகளிடம் நான் ஒன்றே ஒன்று சொல்வேன்: பாடத்திட்டம் தராத கணிதத்தை நீங்களாகவே தேடிக் கற்றுக்கொள்ளுங்கள்.

கணிதத்தையே நான் ஏன் இவ்வாறு வற்புறுத்துகிறேன் என்பதற்கு இந்நகரின் அண்மைச் சரித்திரத்திலிருந்தே ஒரு திருஷ்டாந்தம் காட்டுகிறேன். 1981-ல் டாட்டா நிறுவனத்தார் புனேயில் டி.ஆர்.டி.டி.சி. என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார்கள். அங்கே பணிபுரிந்த கேசவ் நோரி அவர்கள், அதற்கு முன் 1970-களில் ஜூரிச் நகரில், பாஸ்கல் மொழியை வகுத்த நிக்லாஸ் விர்த்தின் குழுவினரோடு சேர்ந்து, அம்மொழிக்கான பி-கம்பைலரை உருவாக்கியவர்களுள் ஒருவர். ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் தனித்தனியே கம்பைலர் எழுதுவதற்குப் பதிலாக, கற்பனையான ஓர் எளிய இயந்திரத்தை வகுத்து, அதன் கட்டளைகளாக நிரலை மாற்றிவிட்டால், அந்தக் கற்பனை இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் சிறிய நிரல் ஒன்றை ஒவ்வொரு கணினியிலும் எழுதிக்கொண்டால் போதும் என்பதே அதன் உட்கருத்து. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1995-ல், ஜாவா மொழி உலகெங்கும் பரவியபோது அதன் அடியிலே இருந்ததும் இதே கருத்துத்தான். பாஸ்கல் மொழியின் இலக்கணத்தை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு ஜாவா வந்தபோது எல்லாம் புதிதாயிருந்தது. அந்தக் கருத்தை உணர்ந்து கற்றவனுக்கோ புதிதாகக் கற்கவேண்டியது கொஞ்சமே. மொழிகள் மாறும், கருவிகள் மாறும், கருத்துகள் நீண்ட காலம் நிலைக்கும். ஒரு பட்டப்படிப்பின் மதிப்பை அளக்க விரும்பினால், அதில் நிலைக்கும் பகுதி எவ்வளவு, மறையும் பகுதி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், அண்மையில் பெருகியுள்ள புதுப்பெயர்ப் பட்டங்களின் தன்மை விளங்கும். ஏ.சி.எம். என்னும் அமெரிக்கக் கணினியாளர் சங்கம் முதலிய அமைப்புகள் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட அறிக்கை, இத்துறையின் பட்டங்களைக் கணினிப் பொறியியல், கணினி அறிவியல், தகவல் முறைமை, தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல் என்று ஐந்தாக வகுத்தது. 2020-ல் வந்த அறிக்கை இணையப் பாதுகாப்பையும் தரவு அறிவியலையும் சேர்த்து ஏழாக்கிற்று. நம் நாட்டில் 2019-ல் ஹைதராபாத் ஐ.ஐ.டி. செயற்கை நுண்ணறிவில் தனிப் பி.டெக். பட்டத்தைத் தொடங்கியது. அத்தகைய இடத்தில், அதற்குரிய ஆசிரியர்களும் ஆராய்ச்சியும் இருக்கையில், அது பொருத்தமே. ஆனால் அதைப் பின்பற்றி, ஆசிரியர் குழுவை மாற்றாமல், பெயர்ப்பலகையை மட்டும் மாற்றி ஏ.ஐ. அண்ட் டி.எஸ். என்றும் சைபர் செக்யூரிட்டி என்றும் இடங்களைக் கூட்டிக்கொண்ட கல்லூரிகளைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்லமாட்டேன். நம் சர்வகலாசாலையின் 2019 பேட்டர்ன் பாடத்திட்டத்தில் பிளாக்செயின் ஒரு பாடமாயிற்று. அன்று எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். இன்று அப்பேச்சு எவ்வளவு அடங்கிவிட்டது என்று பாருங்கள். பதினேழு வயதில் ஒரு பிள்ளையை அன்றைய பேச்சில் அடிபடும் ஒரு கிளைக்குள் அடைத்துவிடுவதைவிட, அகன்ற அடிப்படையைத் தரும் பழைய பெயர்ப் பட்டத்தில் சேர்ப்பது நூறு மடங்கு மேலானது.

கணினி என்று பெயரில்லாத பட்டங்களையும் ஒதுக்கிவிடலாகாது. அமெரிக்கா மீகணினியை நமக்குத் தர மறுத்த காலத்தில், 1988-ல், விஜய் பாட்கர் அவர்களின் தலைமையில் இந்நகரில் சி-டாக் என்னும் நிறுவனம் நிறுவப்பட்டு, 1991-ல் பரம் 8000 என்னும் மீகணினியை உருவாக்கி முடித்தது. பல சிறிய செயலிகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்விக்கும் அந்தக் காரியத்துக்கு மின்னணுவியலாரும் கணிதரும் பௌதிகரும் கூடி உழைக்கவேண்டியிருந்தது. அதே சி-டாக் நடத்தும் முதுநிலை டிப்ளமாவில், மின்னணுப் பிரிவிலோ இயந்திரப் பிரிவிலோ பட்டம் பெற்ற பிள்ளைகள் சேர்ந்து, ஏறக்குறைய ஆறு மாதக் கடும் பயிற்சிக்குப் பின் மென்பொருள் தொழிலுக்கு வந்துவிடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். பாஷாணில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தில் 2018-ல் பிரத்யூஷ் என்னும் மீகணினி நிறுவப்பட்டது. பருவமழையின் போக்கை அத்தகைய இயந்திரங்களில் கணித்துச் சொல்லும் மாதிரிகளை ஆக்குவோர் பெரும்பாலும் பௌதிகமும் கணிதமும் கற்றவர்களே. நாராயண்காவ் அருகே முப்பது பேரலைவாங்கிகளோடு நிற்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியின் தரவுகளைப் பகுத்தறிவோரும் அத்தகையவர்களே. கணினிப் பிரிவில் இடம் கிடைக்கவில்லை என்று கண்ணீர் விடும் பிள்ளைக்கு, கணிதத்திலோ புள்ளியியலிலோ பௌதிகத்திலோ நல்லதொரு பட்டம் இருக்கிறது என்று பெற்றோர் எடுத்துச் சொல்வார்களானால், அந்தக் கண்ணீருக்கு அவசியமே இராது.

வாசல்களைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். மூன்றாண்டுப் பட்டம் சில வாசல்களை அடைக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களிலும் விண்வெளி ஆராய்ச்சி போன்ற துறைகளிலும் பொறியாளர் பதவிக்குப் பி.இ. அல்லது பி.டெக். பட்டமே கேட்கப்படுகிறது. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விரும்புவோரிடம் பல சர்வகலாசாலைகள் பதினாறு ஆண்டுக் கல்வியை எதிர்பார்க்கின்றன. மென்பொருள் நிறுவனங்கள் சில, பொறியியல் பட்டதாரிக்கு ஒரு சம்பளமும் பி.எஸ்ஸி., பி.சி.ஏ. பட்டதாரிக்கு அதனிற் குறைந்த சம்பளமும் நிர்ணயிக்கின்றன. இது அநீதி என்பேன், ஆனாலும் இருப்பது அதுவே. விப்ரோ போன்ற நிறுவனங்கள் விஞ்ஞானப் பட்டதாரிகளை வேலையில் அமர்த்தி, வேலையோடு எம்.டெக். படிக்கச் செய்யும் திட்டத்தை நெடுநாளாக நடத்திவருவது இக்குறையைச் சிறிது ஈடுசெய்கிறது. புதிய கல்விக் கொள்கையின்படி பி.எஸ்ஸி.யிலும் நான்காம் ஆண்டு ஆனர்ஸ் வந்திருக்கிறது. என்.ஐ.டி.களில் எம்.சி.ஏ. படிக்க நிம்செட் என்னும் தேர்வு உண்டு. திருச்சிராப்பள்ளியில் உள்ள என்.ஐ.டி.யும் அவற்றுள் ஒன்று. ஆகவே அடைபட்ட வாசல்களுள் பலவற்றை முதுநிலைப் பட்டம் மீண்டும் திறந்துவிடும். முதுநிலை வரை செல்லாமல் முதற்பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டிய குடும்ப நிலை உள்ளவர்களும், அரசாங்கப் பொறியாளர் பதவியில் நாட்டம் உள்ளவர்களும் பொறியியலை நாடுவதே உசிதம்.

சேர்க்கை முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.சி.ஏ., பி.பி.ஏ. படிப்புகளை 2024-25 முதல் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தன் மேற்பார்வையில் கொணர்ந்ததால், மகாராஷ்டிரத்தில் அவற்றுக்கும் தனி சி.இ.டி. தேர்வு வந்துவிட்டது. தமிழ்நாட்டிலோ 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். அங்கே பிள்ளையைச் சேர்க்க எண்ணும் குடும்பங்கள், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி பன்னெடுங்காலமாக நடத்திவரும் ஐந்தாண்டு எம்.எஸ்ஸி. படிப்புகளையும், சென்னைக் கணிதவியல் கழகம் 1998-ல் தொடங்கிய கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த ஆனர்ஸ் பட்டத்தையும் அறிந்துகொள்வது அவசியம். பின்னது மிகக் கடினமான நுழைவுத்தேர்வை உடையது. ஆனால் கணிதத்தில் உண்மையான வேட்கையுள்ள பிள்ளைக்கு இந்தியாவில் அதற்கு இணையான இடம் வெகு சிலவே. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த இணையவழி பி.எஸ். பட்டம், வேறொரு பட்டத்தைப் படித்துக்கொண்டே சேர்ந்து படிக்கத் தக்கது, பி.காம். படித்தபடியே அதை முயலும் பிள்ளைகளைக் கண்டு நான் மிகவும் மகிழ்கிறேன்.

இவை எல்லாவற்றையும் விட என் மனத்தை வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் அமர எனக்கு மனமில்லை. ஒரே வீட்டில் மகனும் மகளும் இருந்தால், மகனுக்குக் கடன் வாங்கியேனும் பி.இ., மகளுக்கு அருகிலுள்ள கல்லூரியில் கட்டணம் குறைந்த பட்டம் என்று தீர்மானிக்கும் வழக்கம் நம்மவரிடம் இன்னும் மறையவில்லை. பி.எஸ்ஸி. உயர்ந்த படிப்பு என்று நான் இவ்வளவு நேரம் சொன்னதை இந்த வழக்கத்துக்குச் சமாதானமாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மகளுக்கு அது உகந்தது என்றால், அவள் கணிதத்தை விரும்புவதனால் உகந்ததாக இருக்கவேண்டும். செலவு குறைவென்பதனால் அன்று. 1848-ல் பிடே வாடாவில் பெண் குழந்தைகளுக்கென்று பள்ளி திறந்த சாவித்ரிபாய் அம்மையாரின் பெயரை நம் சர்வகலாசாலை 2014 முதல் தாங்கி நிற்கிறது. 2024-25 முதல், ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களில், பொருளாதாரத்தில் பின்தங்கியோர், பிற பிற்படுத்தப்பட்டோர் முதலிய பிரிவுகளைச் சேர்ந்த மாணவியர் தொழிற்கல்வி பயின்றால், அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் முழுதும் மகாராஷ்டிர மாநில அரசாங்கமே ஏற்கிறது. இந்தச் சலுகைக்குரிய சான்றிதழ்களைப் பெற முன்கூட்டியே முயலாமல், கட்டணத்தைக் காரணம் காட்டி மகளை வேறு படிப்பில் சேர்ப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

விருப்பப் பட்டியலை எழுதுமுன், சர்வகலாசாலையின் பாடத்திட்டத்தைத் தரவிறக்கிப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொரு பருவத்தின் பாடத்தையும் படியுங்கள். கல்லூரிக்கு நேரே சென்று, அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர்களிடம் தரவுக் கட்டமைப்பை யார் நடத்துகிறார், ஆய்வுக்கூடம் மாலையில் திறந்திருக்குமா, நிரலைத் தாமே எழுதுகிறார்களா அல்லது ஜர்னலில் பார்த்து எழுதுகிறார்களா என்று கேளுங்கள். கட்டடத்தின் பிரம்மாண்டத்தையும் பிளேஸ்மென்ட் விளம்பரத்தில் உள்ள மிக உயர்ந்த சம்பளத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுத்தர மாணவன் எங்கே சேர்ந்தான் என்று கேளுங்கள்.

இந்த அவையில் ஹிஞ்ஜவடியிலும் கராடியிலும் பணிபுரியும் இளைஞர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுள் பி.இ. படித்தவர்களும் உண்டு, பி.சி.எஸ். படித்தவர்களும் உண்டு, எம்.சி.ஏ. படித்தவர்களும் உண்டு, ஒரே மேசையில் அமர்ந்து ஒரே வேலையைச் செய்கிறீர்கள். பாடத்திட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாத பெற்றோர்கள் இதே அவையில் உங்களுக்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கேப் ரவுண்டுகள் முடியும்வரையில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மண்டபத்துக்கு வந்து, அவர்களோடு அமர்ந்து, படிவத்தை நிரப்ப உதவ முன்வருமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இசைவுள்ளவர்கள் இக்கூட்டம் முடிந்ததும் அறக்கட்டளையின் செயலாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டுகிறேன்.